மலையில் பெய்யும் மழை



நாம் கடைத்தெருவில் பிழைப்பவர்கள். வானம் கறுத்தால் மூட்டையை உள்ளே இழுப்போம். வெளுத்தால் வெளியே வைப்போம். ஆனால் உயிரைக் கொண்டுபோகும் வெள்ளம் நம் தலைக்கு மேலுள்ள வானத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இதற்குச் சாட்சி நம் பேராக் மாநிலத்திலேயே இருக்கிறது.

ஈப்போவுக்குத் தெற்கே, கம்பாருக்கு அருகில், மலையடிவாரத்தில் போஸ் டிப்பாங் என்றோர் ஊர் உண்டு. செமாய் என்னும் பூர்வகுடி மக்கள் வாழுமிடம். 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, தேசிய தினத்துக்கு இரண்டே நாள் இருக்கையில், சேறும் பாறையும் மரக்கட்டைகளும் கலந்த வெள்ளம் அவ்வூரின் மேல் பாய்ந்தது. 44 பேர் மாண்டனர். சிறிய ஊரில் இத்தனை பேர் போனால், ஆறுதல் சொல்ல வேண்டியவரும் அழுதுகொண்டுதானே இருப்பார்?

இத்தகைய வெள்ளம் எப்படி உண்டாகிறது? மலைச்சரிவில் பெருமழை பெய்கிறது. மண் சரிந்து, மரங்களோடு ஓடையில் விழுந்து அணைபோல் அடைக்கிறது. பின்னால் நீர் தேங்குகிறது. பாரம் தாங்காமல் அவ்வடைப்பு உடைந்ததும், தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் இறங்குகிறது. மலாய்க்காரர் இப்படித் திடீரென வரும் நீரைக் 'கெப்பாலா ஆயர்', அதாவது நீரின் தலை என்பர். 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து வந்த வெள்ளமும் உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இதற்கு அடையாளங்கள் உண்டு. ஓடும் ஆறு காரணமின்றி வற்றும். அல்லது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். மேலே இரைச்சல் கேட்கும். கண்டவுடன் மேட்டுக்கு ஏற வேண்டும். பொருளுக்காகத் திரும்பலாகாது.

மலையடியில் இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. அக்காலத்து ரப்பர் தோட்டங்களில் மண்ணைக் காக்க மூடுசெடி வளர்த்தார்கள். நீர் தேங்கக் குழி வெட்டினார்கள். அத்தோட்டங்களில் பல இன்று வீடும் தார்ச்சாலையும் ஆகிவிட்டன. நிலம் குடித்த மழை இப்போது நேரே சாக்கடைக்கு ஓடுகிறது. அந்தச் சாக்கடையில் நம் கடைப் பெட்டியும் பிளாஸ்டிக் பையும் கிடந்தால், தெரு மூழ்குவதற்கு யாரைக் குறை சொல்வது?

ஆகவே, மழைக்கு முன்பே செய்ய வேண்டியவை சில. கணக்குப் புத்தகமும் பத்திரங்களும் மேல் தட்டில் இருக்கட்டும். நகல் வேறிடத்தில் இருக்கட்டும். சரக்கைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள். சாதாரணத் தீ இன்ஷூரன்ஸில் வெள்ளம் சேராது. தனியே சேர்க்க வேண்டும். பத்திரத்தை எடுத்து இன்றே பாருங்கள்.

வெள்ளம் வடிந்த பின் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வீடிழந்த வாடிக்கைக்காரர் வாசலில் நின்றால், பழைய பாக்கியை நினைவூட்டாதீர்கள். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்குத் தவணை கொடுப்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த வழி. நனைந்த அரிசியை வேறு வாங்கலாம். அவர் மனத்தில் இழந்த இடத்தை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.