கடை வயர்லெஸுக்கு எந்தப் பூட்டு?

புடவை வியாபாரத்தில் பழகிய எவருக்கும் விலைத் துண்டில் உள்ள எழுத்துகளின் அர்த்தம் தெரியும். விற்கும் விலையை இலக்கத்தில் எழுதுவோம். வாங்கிய விலையை எழுத்தில் எழுதுவோம். பத்து வெவ்வேறு எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லைத் தெரிவு செய்து, முதல் எழுத்துக்கு 1, அடுத்ததற்கு 2 என்று வைத்துக்கொண்டால் போதும். வாப்பா எனக்கு வியாபாரத்தில் முதலில் சொல்லித் தந்தது அந்தச் சொல்லைத்தான். அதை யாரிடம் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லித் தந்தார்.

அப்படிக் காத்த இரகசியத்தை 2013ஆம் ஆண்டில் நானே காற்றில் பறக்கவிட்டேன். கடையில் வயர்லெஸ் இணைப்பும் மடிக்கணனியும் வைத்திருக்கும் வியாபாரச் சகோதரர்கள் அதே தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இவ்வாரம் இதை எழுதுகிறேன்.

புறக்கோட்டையில் உள்ள எமது மொத்த விற்பனைக் கடைக்கு வழக்கமாக வரும் வெளியூர் வியாபாரி ஒருவர், ஒரு துணியின் விலையைச் சொன்னதும் சிரித்தார். "நானா, உங்களுக்கு இது யார் 212 ரூபாவுக்குத்தானே விழுந்திருக்கு?" என்று கேட்டார். சரியாக 212 ரூபாதான். அதே மாதம் இன்னும் இருவர் இப்படியே பேசினார்கள்.

வாங்கிய விலை தெரிந்தவர்கள் கடையில் இருவர்தான். ஒருவர் நான். மற்றவர் எட்டு வருடங்களாக பில் எழுதிய தம்பி. நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்ட விதம் நல்லதாக இருக்கவில்லை. "நான் சொல்லல்ல முதலாளி" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கணனி படித்த என் சகோதரியின் மகன் கடைக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தன் மடிக்கணனியை எடுத்துக்கொண்டு எதிரே உள்ள தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டு, எனது கொள்வனவு விலைப்பட்டியலை அங்கேயே திறந்து காட்டினார். கடன் கொப்பியின் கணக்கும் அதில் இருந்தது.

"சாவி எப்படிக் கிடைத்தது?" என்றேன். கடையின் பெயர்ப்பலகையைக் காட்டினார். ரவுட்டரைப் பூட்டித் தந்தவர் கடைத் தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கல்லாவில் இருந்த பழைய மடிக்கணனியின் வயர்லெஸ் அடாப்டருக்கு டபிள்யூ.ஈ.பி. என்ற பழைய பூட்டு மட்டுமே தெரியும். அதன் சிறிய வகைச் சாவிக்குச் சரியாகப் பத்து இலக்கங்கள் வேண்டும். எமது தொலைபேசி இலக்கமும் பத்து இலக்கம்தான்!

இங்கேதான் பாடம் இருக்கிறது. வயர்லெஸ் பூட்டு என்பது ரவுட்டரும் மடிக்கணனியும் சேர்ந்து ஒத்துக்கொள்ளும் ஒன்று. ஒரு பழைய அடாப்டருக்காகப் பூட்டைத் தாழ்த்தினால், கடை முழுவதற்கும் அந்தத் தாழ்ந்த பூட்டுத்தான்.

சாவி நல்லதாக இருந்திருந்தாலும் டபிள்யூ.ஈ.பி. காப்பாற்றியிருக்காது. 1997இல் வந்த அந்த முறையின் பலவீனத்தை 2001இலேயே ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். எமது விலைத் துண்டு போலத்தான் இதுவும். போதுமான துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பவன் சொல்லைக் கண்டுபிடித்துவிடுவான். 2007இல் ஜேர்மனியின் டாம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் சாவியை எடுத்துக் காட்டினார்கள். அதே ஆண்டு, அமெரிக்காவின் டீ.ஜே.எக்ஸ். என்ற பெரிய கடை நிறுவனம் குறைந்தது 4 கோடியே 57 இலட்சம் வங்கி அட்டைகளின் விபரம் திருடப்பட்டதை அறிவித்தது. திருடர்கள் நுழைந்த வழி, கடைகளில் இருந்த பலவீனமான வயர்லெஸ்.

இனி செய்ய வேண்டியவை:

1. உங்கள் பூட்டைப் பாருங்கள். வின்டோஸ் 10 அல்லது 11 உள்ள மடிக்கணனியில் செட்டிங்ஸ், நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட், வை-பை என்று போய், இணைந்திருக்கும் இணைப்பின் புரொபர்ட்டீஸைத் திறவுங்கள். செக்யூரிட்டி டைப் என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது டபிள்யூ.பி.ஏ. 3 என்று இருக்க வேண்டும். ஓப்பன் என்றோ டபிள்யூ.ஈ.பி. என்றோ இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

2. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். முதலில் ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு வயர்லெஸ் பகுதியில் டபிள்யூ.பி.ஏ. 2ஐத் தெரிவு செய்து, ஏ.ஈ.எஸ். என்பதை வையுங்கள், டி.கே.ஐ.பி. வேண்டாம். 2018இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ. 3 இருந்தால் இன்னும் நல்லது.

3. டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை நிறுத்துங்கள். எட்டு இலக்கச் சாவியை அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடிக்கலாம் என்பது 2011இல் தெரியவந்தது.

4. கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். கடைப் பெயர், வாகன இலக்கம், தொலைபேசி இலக்கம் கூடாது. இணைப்பின் பெயரை மறைத்து வைப்பது பூட்டு ஆகாது.

5. மடிக்கணனியில் பழைய இணைப்பை ஃபோகெட் கொடுத்து நீக்கிவிட்டு, புதிய கடவுச்சொல்லுடன் மீண்டும் இணையுங்கள். பழைய அடாப்டர் இணைய மறுத்தால் பூட்டைத் தாழ்த்தாதீர்கள். தயாரிப்பாளரின் புதிய டிரைவரைப் போட்டுப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் யூ.எஸ்.பி.யில் செருகும் சிறிய வை-பை அடாப்டர் ஒன்றை வாங்குங்கள், அல்லது கேபிளால் இணையுங்கள்.

6. வாடிக்கையாளர்களுக்கு கெஸ்ட் இணைப்பைத் தனியாகக் கொடுங்கள். பகிர்ந்து வைத்துள்ள ஃபோல்டர்களுக்கும் கடவுச்சொல் போடுங்கள். எனது கணனியில் அது இல்லாததால்தான் விலைப்பட்டியல் திறந்து கிடந்தது.

7. ஊழியர் ஒருவர் விலகிச் செல்லும்போது கடவுச்சொல்லை மாற்றுங்கள். அவர் மீது சந்தேகம் இருப்பதால் அல்ல. நாளை ஏதாவது நடந்தால் அவர் மீது சந்தேகம் விழாமல் இருப்பதற்காக.

இந்த ஏழும் எனக்கு ஒரு பிற்பகலில் முடிந்தது. யார் பட்டியலைப் பார்த்தார்கள் என்று நான் தேடவில்லை. கதவைத் திறந்து வைத்தவன் நான்தான். அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்து, மனதார மன்னித்தேன் என்றார். ஆனால் கடைக்குத் திரும்பி வரவில்லை.

கொள்வனவு விலை போனால் ஒரு பருவத்தின் இலாபம் குறையும்; அடுத்த பருவத்தில் சமாளிக்கலாம். கடன் கொப்பியில் உள்ள பெயர்கள் எம்மை நம்பித் தந்த அமானிதம். எட்டு வருடம் நேர்மையாக உழைத்த ஒருவரின் நல்ல பெயரும் அப்படித்தான். அவற்றுக்கு விலைத் துண்டு கிடையாது. இன்று கடையை மூடுமுன் உங்கள் மடிக்கணனியைத் திறந்து, முதலாவது வேலையையாவது செய்து பாருங்கள்.