ஆங்கிலம் அறிவோம்: ‘கிளியர்’

இலத்தீன் மொழியில் ‘கிளாறுஸ்’ என்றால் ஒளியுள்ளது, தெளிவானது. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்லே ‘கிளியர்’. அது வினைச்சொல்லாகும்போது, எதை அகற்றுகிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும்.

வானம் ‘கிளியர்’ ஆனால் மழை வெளித்தது. கடனைக் ‘கிளியர்’ செய்தால் கடன் தீர்ந்தது. காசோலை ‘கிளியர்’ ஆனால் பணம் கணக்கில் சேர்ந்தது. நீதிமன்றம் ஒருவரைக் ‘கிளியர்’ செய்தால் அவர்மீது குற்றமில்லை.

காணி விடயத்தில்தான் அதிக கவனம் வேண்டும். பற்றை வெட்டினாலும் ‘கிளியர்’. கண்ணிவெடி அகற்றினாலும் ‘கிளியர்’. உறுதியிலுள்ள வில்லங்கத்தை நீக்கினாலும் ‘கிளியர்’. பற்றை வெட்டிய காணியில் வெடி இருக்கலாம். வெடி அகற்றிய காணிக்கு வேறொருவர் உரிமை கோரலாம்.

ஆகவே உங்கள் காணி ‘கிளியர்ட்’, அதாவது ‘கிளியர்’ செய்து முடிந்தது, என்று கடிதம் வந்தால், மண்வெட்டியை எடுக்க முன்னர் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதை அகற்றினார்கள்? எந்த எல்லை வரை? கையெழுத்திட்டுப் பொறுப்பேற்றவர் யார்?

பயிற்சி: “கிணறு கிளியர்” என்கிறார் ஒருவர். சேறு அள்ளினாரா, வெடி பார்த்தாரா? இரு பொருளையும் தனித்தனி வாக்கியங்களாகத் தமிழில் எழுதுக.