நிரலில் கண்டிப்பு: பெர்ல் மொழியில் பிழை காணும் முறை

களப் பணியாளர்கள் நாள்தோறும் குறித்து அனுப்பும் அளவுகளைத் தொகுத்துக் கணக்கிடுவதற்குச் சிறு கணிப்பொறி நிரல்கள் பெரிதும் உதவுகின்றன. இவற்றை எழுதுவதற்கு ஏற்ற எளிய மொழிகளுள் பெர்ல் என்பதும் ஒன்று. லாரி வால் என்னும் அறிஞர் இதனை 1987-ஆம் ஆண்டில் வெளியிட்டார். சில வரிகளிலேயே பெரிய வேலையை முடித்துவிடலாம் என்பது இம்மொழியின் சிறப்பு. ஆயினும், எழுதுபவர் செய்யும் பிழைகளைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவது இதன் இயல்பாகும். இந்த இயல்பினால் விளையும் தீங்கையும், அதைத் தடுக்கும் வழியையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வட்டத்தில் நான்கு மழைமானிகள் உள்ளன என்று கொள்வோம். காலை 8.30 மணிக்கு எடுத்த அளவுகள் முறையே 12, 0, 7, 25 மில்லிமீட்டர். இவற்றின் கூட்டுத்தொகை 44. சராசரி 11 மில்லிமீட்டர்.

இதனைக் கணக்கிடும் நிரலில் ‘மொத்தம்’ என்று ஒரு மாறியை அமைத்து, முதலில் அதற்கு 0 என்னும் மதிப்பைத் தருகிறோம். பிறகு ஒவ்வோர் அளவாக எடுத்து, ‘மொத்தம் = மொத்தம் + அளவு’ என்று கூட்டிச் செல்லுதல் வேண்டும். எழுதுபவர் கைதவறி, வலப்பக்கத்தில் மட்டும் ஒற்றைக் கொம்புக்குப் பதிலாக இரட்டைக் கொம்பு இட்டு, ‘மொத்தம் = மோத்தம் + அளவு’ என்று எழுதிவிட்டார்.

பெர்ல் இதனைப் பிழையென்று கூறாது. ‘மோத்தம்’ என்பது புதியதொரு மாறி என்றும், மதிப்பு ஏதும் இல்லாமையால் அது 0 என்றும் கருதிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு முறையும் முந்தைய கூட்டல் அழிந்து, இறுதியில் கடைசி அளவாகிய 25 மட்டுமே எஞ்சும். அதனை 4-ஆல் வகுக்க, சராசரி 6.25 என்று விடை வரும்.

இவ்விடை பார்வைக்கு நம்பத்தக்கதாகவே இருப்பதுதான் ஆபத்து. நிரல் பாதியில் நின்றிருந்தால் எவரும் பிழையைத் தேடியிருப்பர். 6.25 என்னும் எண்ணோ அறிக்கையில் ஏறி, அதைக்கொண்டு பாசனத்திற்கு நீர் திறப்பதா என்று முடிவு செய்வோரின் மேசைக்குச் சென்றுவிடும்.

முதற் கட்டளை

1994-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு இதற்கு வழி செய்தது. நிரலின் தலைப்பில் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ என்னும் கட்டளையை எழுதினால் போதும். (கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் தட்டெழுத வேண்டும்; இங்கே ஒலிப்பு மட்டும் தரப்பட்டுள்ளது.) இக்கட்டளை மூன்று செயல்களைத் தடுக்கிறது:

1. ‘மை’ போன்ற சொல்லால் முன்னரே அறிவிக்கப்படாத மாறியைப் பயன்படுத்துதல்.
2. மேற்கோள் குறியின்றி எழுதிய தனிச்சொல்லை எழுத்துச் சரமாகக் கொள்ளுதல்.
3. ஒரு மாறியின் மதிப்பாக உள்ள சொல்லையே வேறொரு மாறியின் பெயராகக் கொண்டு அதனை அணுகுதல்.

நமது எடுத்துக்காட்டில் ‘மோத்தம்’ அறிவிக்கப்படவில்லை. ஆதலால் நிரல் இயங்கத் தொடங்குவதற்கு முன்னரே, பிழையுள்ள வரியின் எண்ணைக் காட்டிப் பெர்ல் நின்றுவிடும். தவறான விடை பிறப்பதற்கே இடமில்லை.

இரண்டாம் கட்டளை

பிழை நிரலில் இல்லாமல் அளவுகளிலேயே இருப்பதும் உண்டு. ஒரு நாள் மழைமானி பார்க்கப்படாவிடில், பணியாளர் ஏட்டில் ஒரு கோடு இடுவார். பெர்ல் அக்கோட்டை எண்ணாகக் கொள்ள முயன்று 0 என்றே கூட்டும். பார்க்கப்படாத நாள் மழையற்ற நாளாக மாறிவிடும், சராசரியும் குறையும்.

2000-ஆம் ஆண்டில் 5.6 பதிப்புடன் வந்த ‘யூஸ் வார்னிங்ஸ்’ என்னும் கட்டளை இத்தகைய இடங்களில் எச்சரிக்கை செய்யும். ஆனால் எச்சரிக்கை வந்தாலும் நிரல் தொடர்ந்து ஓடும் என்பதை மறத்தலாகாது. எண்ணல்லாத மதிப்பு வந்தவுடன் நிரல் நின்றே ஆகவேண்டுமெனில், அவ்வகை எச்சரிக்கையை மட்டும் ‘ஃபேட்டல்’ என்று அக்கட்டளையிலேயே குறிப்பிடலாம்.

கோப்பைத் திறக்க இயலாதபோதும் நிரல் வாளாவிருந்து மேலே செல்லக்கூடும். ‘யூஸ் ஆட்டோடை’ என்னும் கட்டளை அவ்விடத்திலேயே நிரலை நிறுத்திக் காரணத்தையும் கூறும்.

கவனிக்க வேண்டியவை

பழைய நிரல்கள் பழுதுபடக் கூடாதென்பதற்காக, இக்கண்டிப்பு தானாகவே எல்லா நிரல்களிலும் நடைமுறைக்கு வருவதில்லை. ஒரு கோப்பில் எழுதிய கட்டளை, அந்நிரல் அழைக்கும் வேறு கோப்பைக் கட்டுப்படுத்தாது. ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியே எழுதுதல் வேண்டும். நிரலின் தொடக்கத்தில் ‘யூஸ்’ என்பதுடன் 5.12 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பெண்ணைக் குறித்தால் முதற் கட்டளையும், 5.36 அல்லது அதற்குப் பிந்தியதைக் குறித்தால் இரண்டு கட்டளைகளும் தாமே அமைந்துவிடும்.

மேலும், 12 என்பதை 21 என்று தட்டெழுதினால் எக்கட்டளையும் அதனைக் கண்டுபிடிக்காது. மூல ஏட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கடமை என்றும் மனிதனுடையதே.

பயிற்சி

ஆசிரியர்கள் மேற்கண்ட நிரலை முதலில் கட்டளைகளின்றி மாணவர்களைக்கொண்டு இயக்கச் செய்து, 6.25 என்னும் விடையை அவர்களே காணுமாறு செய்க. பிறகு முதற் கட்டளையைச் சேர்த்து இயக்கச் செய்க. அதன் பின்னர்க் கீழ்க்கண்ட வினாக்களை எழுப்புக:

1. பிழை கடைசி அளவுக்கு மட்டும் விடையைக் கட்டுப்படுத்தியது ஏன்?
2. கடைசி மழைமானியின் அளவு 44 ஆக இருந்திருந்தால் விடை என்னவாகும்? அவ்விடையைக் கண்டு எவரேனும் ஐயுறுவரா?
3. ஏட்டில் கோடு இட்ட நாளை நீக்கிச் சராசரி காணும்போது, வகுக்கும் எண்ணையும் ஏன் மாற்ற வேண்டும்?