நுழைவுப் பரீட்சையும் இணையவழிப் பாடநெறியும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், மாணாக்கன் ஒரு நூலைக் கற்று நிரம்பும் வகையைப் பங்கிட்டுக் காட்டியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை முழுக் கவனத்தோடு கேட்டாலும் மாணாக்கன் பெறுவது கால் பங்குப் புலமையே. உடன் கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு கால் பங்கு வரும். கற்றதைத் தான் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப் பங்கு நிரம்பும். இது முனிவர் கருத்து. ஏட்டுச்சுவடிக் காலத்து மாணாக்கரை நோக்கிய இக்கணக்கு, கணினித் திரையின் முன் அமர்ந்து பயிலும் இக்கால மாணவர்க்கும் பொருந்துமோ என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு ஜீ.ஆர்.ஈ. என்னும் பரீட்சையை எடுத்துக்கொள்வாம். பட்டம் பெற்றபின் ஐக்கிய அமெரிக்காவிலே மேற்படிப்பை நாடும் பழைய மாணவர்க்கு இது புதியதொரு பெயரன்று. இப்பரீட்சைக்கென இணையவழியே ஒழுங்கமைந்த பாடநெறிகள் பல உள. வீட்டிலிருந்தவாறே, வேலை பார்த்துக்கொண்டே இவற்றைப் பயிலலாம். ஆயினும் பாடங்கள் யாவற்றையும் கண்டு முடித்தபின்னும் எண்ணிய புள்ளி கிட்டாது மயங்குவோர் உளர். பணமும் காலமும் குடும்பத்தாரின் நம்பிக்கையும் ஒருங்கே செலவாகும் முயற்சியாதலின், அம்மயக்கத்தின் காரணத்தை அறிதல் வேண்டும்.

பரீட்சையின் இயல்பு

ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன், கொலம்பியா என்னும் நான்கு பல்கலைக்கழகங்களும் கார்ணகி மன்றமும் சேர்ந்து 1936 ஆம் ஆண்டிற் சோதனை முறையாகத் தொடங்கியது இப்பரீட்சை. 1948 இல் ஈ.ரீ.எஸ். என்னும் நிறுவனம் இதன் பொறுப்பை ஏற்றது. முன்னர் ஏறக்குறைய 3 மணி 45 நிமிடம் நீடித்த பரீட்சை, 2023 செப்டெம்பர் 22 ஆம் திகதி முதல் 1 மணி 58 நிமிடமாகச் சுருக்கப்பட்டது.

அதன் பகுதிகள் மூன்று. முதலாவது, கொடுக்கப்பட்ட ஒரு பொருள் பற்றி 30 நிமிடத்தில் எழுதும் கட்டுரை. இரண்டாவது, ஆங்கில மொழித்திறன். இதில் 12 வினாக்களுக்கு 18 நிமிடமும், 15 வினாக்களுக்கு 23 நிமிடமுமாக இரு பிரிவுகள் உள. மூன்றாவது, கணிதத்திறன். இதில் 12 வினாக்களுக்கு 21 நிமிடமும், 15 வினாக்களுக்கு 26 நிமிடமும் உண்டு. வகுத்துப் பார்ப்பின், மொழி வினா ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடமும், கணித வினா ஒன்றுக்கு ஒன்றே முக்கால் நிமிடமும் கிடைக்கும். மொழிக்கும் கணிதத்துக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரையும், கட்டுரைக்குப் பூச்சியம் முதல் 6 வரையும் புள்ளிகள் வழங்கப்படும்.

இரண்டு இயல்புகளை மாணவர் கருத்திற் பதித்தல் நன்று. ஒன்று, முதற் பிரிவிற் காட்டும் திறமைக்கேற்ப இரண்டாம் பிரிவின் கடினம் மாறும். மற்றொன்று, பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆதலின் எந்த வினாவையும் விடையின்றி விடுதல் கூடாது.

2020 ஆம் ஆண்டின் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகள் பல இப்பரீட்சையைக் கட்டாயமற்றதாக்கியுள்ளன. எனவே, தாம் சேர விரும்பும் துறை இதனைக் கேட்கின்றதா என்பதை அத்துறையின் அறிவித்தலைப் பார்த்துத் தெளிந்தபின்னரே பாடநெறியிற் சேர்தல் வேண்டும். தேவையற்ற பரீட்சைக்குச் செய்யும் ஆயத்தம், வராத விருந்தாளிக்குச் சமைத்த சோறு போன்றது.

பாடநெறி தரும் கால் பங்கு

நல்ல பாடநெறி தரும் முதற்பயன் ஒழுங்கு. கணிதத்தை எங்கே தொடங்குவது, எண்கணிதத்தின்பின் எதனைக் கற்பது என்று மாணவர் தாமே தடுமாற வேண்டியதில்லை. எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம், தரவுகளை ஆராய்தல் என்னும் நான்கும் படிப்படியாக அமைக்கப்பட்டிருக்கும். திரிகோண கணிதமும் நுண்கணிதமும் இப்பரீட்சையில் இல்லை. இதனை அறியாது பல்கலைக்கழகக் கணிதக் கொப்பிகளைத் தேடி எடுப்போரைப் பாடநெறி நேர்வழியில் நிறுத்தும்.

பாடநெறியைத் தேர்வதற்குச் சில சோதனைகள் உண்டு. தொடக்கத்தில் மாணவரின் நிலையை அளக்கும் பரீட்சை உண்டா? பாடம் ஒவ்வொன்றன் பின்னும் எளியனவும் அரியனவுமான பயிற்சிகள் உண்டா? விடை பிழையாயின், ஏன் பிழையென விளக்கப்படுகின்றதா? முழுநீள மாதிரிப் பரீட்சைகள் உண்டா? 2023 இன் மாற்றத்துக்கேற்ப அது திருத்தப்பட்டுள்ளதா? இக்கடைசிச் சோதனை எளிது. முன்பு இருந்த இரு கட்டுரைகளுள், பிறர் கூறும் வாதத்தை மதிப்பிடும் கட்டுரை அவ்வாண்டில் நீக்கப்பட்டது. இன்றும் அதனை எழுதப் பயிற்றும் பாடநெறி பழையது என்று துணியலாம்.

பணம் செலுத்துமுன், ஈ.ரீ.எஸ். நிறுவனம் இலவசமாக வழங்கும் மாதிரிப் பரீட்சைகளுள் ஒன்றை நேரம் குறித்து எழுதிப் பார்த்தல் தக்கது. கணிதத்தில் ஏலவே நல்ல நிலையிலுள்ளவர் மொழிப் பகுதிக்கு மட்டும் துணை தேடலாம். நோயின் இடம் தெரியுமுன் மருந்து வாங்குதல் ஆகாது.

பார்த்தலும் செய்தலும்

இனி, மயக்கம் பிறக்கும் இடத்தை நோக்குவாம். காணொளியில் ஆசிரியர் கணக்கைச் செய்துகாட்டும்போது ஒவ்வொரு படியும் தெளிவாகவே தோன்றும். மாணவர் தலையசைத்து அடுத்த பாடத்துக்குச் செல்வர். திரையின் மூலையில், பாடநெறியில் இத்தனை நூற்றுவீதம் நிறைவெய்தியது என்ற குறிப்பும் ஏறிக்கொண்டே போகும். அக்குறிப்பு, பார்த்த பாடங்களின் கணக்கு. தாமே செய்யக்கூடிய கணக்குகள் எத்தனை என்பதை அது அறியாது.

2006 ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் உளவியலறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்து நினைக்கத்தக்கது. மாணவர் சிலர் ஓர் உரைநடைப் பகுதியை மீண்டும் படித்தனர். வேறு சிலர் அதனை ஒருமுறை படித்தபின், பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின்பின் சோதித்தபோது மீண்டும் படித்தவரே முன்னின்றனர். ஒரு வாரத்தின்பின் சோதித்தபோது நிலை மாறியது. நினைவிலிருந்து எழுதிப் பழகியோர் ஏறக்குறைய 56 நூற்றுவீதத்தையும், மீண்டும் படித்தோர் 42 நூற்றுவீதத்தையும் நினைவுகூர்ந்தனர். உடனே தோன்றும் தெளிவு நிலைத்த அறிவாகாது என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலின் காணொளியைப் பயன்படுத்தும் முறை ஒன்றை இங்கே கூறுகின்றேன். ஆசிரியர் வினாவை வாசித்தவுடன் காணொளியை நிறுத்துக. தாளில் நீவிரே முயல்க. முடிந்தாலும் முடியாவிட்டாலும் அதன் பின்னரே விளக்கத்தைக் கேட்க. மறுநாள், விளக்கத்தைப் பாராமல் அதே கணக்கைத் திரும்பச் செய்க. ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்க.

எடுத்துக்காட்டாக ஒரு வினாவைக் காண்பாம். இரு கணியங்களை ஒப்பிடும் வினாவகை இப்பரீட்சைக்குச் சிறப்பானது. x பூச்சியத்திலும் பெரியது எனத் தரப்பட்டுள்ளது. முதற் கணியம் x இன் வர்க்கம். இரண்டாவது x. எது பெரியது? இரண்டு, மூன்று என்னும் எண்களை இட்டுப் பார்த்தவர் வர்க்கமே பெரிதென்பர். x ஒன்றாயின் இரண்டும் சமம். x அரையாயின் வர்க்கம் காலாகிச் சிறுத்துவிடும். ஆகவே, தந்த செய்தியைக் கொண்டு தீர்மானிக்க முடியாது என்பதே விடை. இதனைப் பிறர் சொல்லக் கேட்டவர் விடையை அறிவர். தாமே பிழைத்துப் பின் கண்டவர், பின்னங்களையும் இட்டுப் பார்த்தல் வேண்டுமென்னும் வழக்கத்தையே பெறுவர்.

பிழைக் குறிப்பேடு

பயிற்சியில் நேரும் பிழைகளை ஒரு கொப்பியில் எழுதிவருதல் பெரும்பயன் தரும். பிழைகள் பெரும்பாலும் மூவகையின: அறியாமையால் வருவன, வினாவைச் சரிவர வாசியாமையால் வருவன, அவசரத்தால் வருவன. முதல்வகைக்குப் பாடத்தைத் திரும்பக் கற்றலும், இரண்டாம் வகைக்கு வினாவின் இறுதி வரியை மறுமுறை வாசித்தலும், மூன்றாம் வகைக்கு நேரத்தைப் பங்கிட்டுப் பழகுதலும் மருந்தாகும்.

குறிப்பு நுணுக்கமாக இருத்தல் வேண்டும். ஒரு பொருளின் விலையை 20 நூற்றுவீதத்தாற் கூட்டிப் பின் 20 நூற்றுவீதத்தாற் குறைத்தால் பழைய விலை வருமா என்ற வினாவுக்கு ஒருவர் ஆமென எழுதிப் பிழைத்தாரென்க. 100 ரூபா 120 ரூபாவாகி, பின் 96 ரூபாவாகும் என்பதே உண்மை. அவர் கொப்பியில் நூற்றுவீதக் கணக்குப் பிழை என்று மட்டும் எழுதினால் யாதொரு பயனுமில்லை. இரண்டாவது 20 நூற்றுவீதம் 120 இன்மீது எடுக்கப்படுவது, 100 இன்மீது அன்று என எழுதுதல் வேண்டும். அவ்வாறெழுதிய ஒரு வரி, பத்துக் காணொளிகளிலும் மேலானது.

மொழிப் பகுதி

தமிழ்மொழி மூலம் பயின்ற மாணவர் பெரிதும் அஞ்சுவது இப்பகுதியையே. அஞ்சி, அருஞ்சொற் பட்டியல்களை உருவேற்றத் தொடங்குவர். சொல்வளம் வேண்டுவதே. எனினும் இப்பகுதி பெரிதும் சோதிப்பது வாக்கியத்தின் உறவறிவை. வினாவகை ஒன்றில், கோடிட்ட இடத்துக்கு ஆறு சொற்கள் தரப்படும். வாக்கியத்துக்குப் பொருந்தி, ஒத்த பொருளும் தரும் இரண்டைத் தெரிதல் வேண்டும். அதன் முறையைத் தமிழில் அமைத்துக் காட்டுவாம்.

‘அவர் கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றிருந்தாரெனினும், புதிய மாணவரிடத்து மிகவும் ........ நடந்துகொண்டார்.’ சொற்கள்: கடுமையாக, கனிவாக, விரைவாக, பரிவாக, மறைவாக, கண்டிப்பாக. கடுமையாக, கண்டிப்பாக என்பனவும் ஓரிணையே. ஆனால் ‘எனினும்’ என்னும் சொல் முன்கூறியதற்கு மாறானதை வேண்டி நிற்கின்றது. எனவே கனிவாக, பரிவாக என்பனவே விடை. ஒத்த சொற்களை மட்டும் தேடுவோர் முதலிணையிற் சிக்குவர். இடைச்சொல்லின் ஆட்சியை நோக்குவோர் தப்புவர். தமிழ் இலக்கணத்தை ஊன்றிக் கற்ற மாணவர்க்கு இவ்வாராய்ச்சி கைவந்ததொன்று. ஆங்கிலத்திலும் அதனையே செய்யவேண்டும்.

பழகிய சொல்லின் பழகாத பொருளையும் அறிதல் வேண்டும். ‘குவாலிஃபை’ என்பதற்குத் தகுதி பெறுதல் என்பதன்றி, கூற்றை வரையறுத்துக் கூறுதல் என்ற பொருளும் உண்டு. ‘சாங்ஷன்’ என்பது அனுமதியையும் குறிக்கும், தண்டனை நடவடிக்கையையும் குறிக்கும். சொல்லைப் பட்டியலிலன்றி வாக்கியத்தில் வைத்தே கற்க.

காலமும் ஒத்திகையும்

பன்னிரண்டு வாரம், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கத்தக்க மாணவர்க்கு ஒரு திட்டம் கூறலாம். முதலில் 20 நிமிடம் பிழைக் குறிப்பேட்டிலுள்ள பழைய கணக்குகள். பின் 40 நிமிடம் புதிய பாடம். எஞ்சிய ஒரு மணி நேரம் பாராமற் செய்யும் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை புதிய பாடம் வேண்டா. அவ்வாரத்துப் பிழைகளைத் தொகுத்து நோக்குக. இறுதி நான்கு வாரங்களிலும் வாரம் ஒரு முழுப் பரீட்சையை, இடையே எழாமல், கைத்தொலைபேசியை வேறறையில் வைத்து எழுதுக. ஒருமுறை எழுதியபின் 21 நாள் கழிந்தால் மீண்டும் எழுதலாம். தொடர்ந்த 12 மாதத்தில் ஐந்து முறைக்கு மேல் எழுத இயலாது. எனினும் 2024 ஆம் ஆண்டில் ஒருமுறைக் கட்டணம் 220 அமெரிக்க டொலராக இருந்ததை எண்ணின், ஒத்திகையை வீட்டில் முடித்துக்கொண்டு மண்டபம் புகுவதே அறிவுடைமை.

எஞ்சிய முக்கால் பங்கு

என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்று, பின் பொறியியற் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் இப்பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த காலத்தில், இரவுதோறும் ஒரு கணக்கைத் தம் தங்கைக்கு விளக்கி வந்தார். தங்கை பதினொராம் வகுப்பு மாணவி. “அது ஏன், அண்ணா?” என்று அவள் கேட்ட இடங்களிலேதான் தமக்கு விளங்காத இடங்கள் இருந்தன என்று அவர் என்னிடங் கூறினார். விளக்கத் தொடங்கும்போது நா தடுமாறும் இடமே அறிவு முடியும் இடம். அதனைக் காட்டும் கருவி எந்தப் பாடநெறியிலும் இல்லை. கேட்டிருப்பவர் ஒருவர் வேண்டும்.

இங்கே பவணந்தியார் கணக்குக்கு மீள்வாம். இணையவழிப் பாடநெறி ஆசிரியர் பங்காகிய காலைச் சிறப்புறத் தருகின்றது. உடன் பயில்வோரும் எடுத்துரைப்பைக் கேட்போரும் தனித்திருந்து படிக்கும் மாணவர்க்கு எளிதிற் கிடைப்பதில்லை. அக்குறையைப் பழைய மாணவர் நீக்கலாம். இப்பரீட்சையை எழுதி மேனாடுகளில் மேற்படிப்பை முடித்தோர், ஆயத்தஞ் செய்யும் இளையோர் நால்வரை ஒரு குழுவாகச் சேர்த்து, வாரம் ஒரு மணி நேரம் இணையவழியே சந்திப்பாராக. அந்நேரத்திற் பழைய மாணவர் பாடஞ் சொல்லவேண்டியதில்லை. இளையோர் முறையே ஒவ்வொரு கணக்கை விளக்கட்டும். பழைய மாணவர் கேட்டிருந்து, ‘ஏன்?’ என்று வினவுவாராக. பணச்செலவு இல்லாத இவ்வுதவியாற் கல்லூரியின் இளைய பட்டதாரிகள் எஞ்சிய முக்கால் பங்கையும் பெறுவர்.