இருபத்து நான்கு மணி நேரம் படகில்

கேள்வி: அவுட்போர்டு எஞ்ஜின் பொருத்திய படகுகளுக்கு மாரத்தான் பந்தயம் உண்டாமே? நாள் முழுக்க ஒருவரே ஓட்டுவாரா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: உண்டு. ஆனால் ஒருவரால் ஆகிற காரியமல்ல. பிரான்சில் ரூவான் நகரில் 1964-இல் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயம் இதில் பேர்போனது. சேன் நதியில் உள்ள லாக்ருவா தீவைத்தான் படகுகள் சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஒரே படகைச் சில ஓட்டுநர்கள் முறைவைத்து ஓட்டுவார்கள்.

வேகம் மட்டும் போதாது. கடல் ஓதத்தின் பாதிப்பு ரூவான் வரை எட்டுவதால் நீர்மட்டமும் ஓட்டமும் மாறிக்கொண்டே இருக்கும். கரைச்சுவரில் மோதித் திரும்பும் அலை, பக்கவாட்டில் வந்து படகைத் தூக்கியடிக்கும். முதுகெலும்புக்கு அது பெரிய சோதனை! மிதந்து வரும் ஒரு மரத்துண்டு போதும், புரொப்பல்லரின் இதழ் ஒடிந்துவிடும்.

அதைவிடத் தொல்லை பிளாஸ்டிக் பை. அவுட்போர்டு எஞ்ஜின் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சித்தான் சூடு தணிகிறது. அந்த நீர்வழியில் பை ஒட்டிக்கொண்டால் கொஞ்ச நேரத்திலேயே சூடேறி, பிஸ்டன் இறுகிப்போகும். அதனால்தான் அனுபவசாலிகள் வேகமானியோடு வெப்பமானியையும் விடாமல் பார்க்கிறார்கள்.

ஓட்டுநர் உடலோடு ஒரு கயிறு மாட்டியிருக்கும். அவர் இருக்கையிலிருந்து தூக்கியெறியப்பட்டால் அது பிடுங்கிக்கொண்டு எஞ்ஜின் நின்றுவிடும். ஹெல்மெட், மிதவை உடை இல்லாமல் யாரையும் இறங்க விடமாட்டார்கள்.

ஆசை இருந்தால், நேராக 24 மணி நேரத்துக்குப் பாயாதீர்கள். முறையான பயிற்சி எடுத்து, பந்தய உரிமம் பெற்று, குறுகிய பந்தயங்களில் தொடங்குங்கள்.