'எனக்கு இந்த மருந்து கேட்டுச்சு' – அது போதுமா?

"இந்த மாத்திரை போட்டேன், மூணே நாள்ல சரியாயிடுச்சு!" இப்படி ஒரு வாட்ஸ்அப் தகவல் உங்களுக்கும் வந்திருக்கும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மாத்திரை போடாமலே சரியாகியிருக்குமா? அது அவருக்கும் தெரியாது.

2020-ல் நடந்ததைப் பாருங்கள். மலேரியா மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனாவுக்குக் கேட்கும் என்ற பேச்சு, சோதனை முடியும் முன்பே உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவில் தட்டுப்பாடு ஏற்பட்டு, மூட்டுவாதத்துக்கு அதைச் சாப்பிட்டு வந்தவர்கள் தவித்தார்கள்.

பிரிட்டனின் 'ரெகவரி' பரிசோதனையில், மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 1,561 பேருக்கு இந்த மாத்திரை. 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாட்களில் இறந்தவர்கள் முறையே 27%, 25%. மாத்திரையால் பயனில்லை.

அதே பரிசோதனையில் டெக்சாமெத்தசோன் என்ற விலை குறைந்த பழைய மருந்து தேறியது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பயனில்லை. யாருக்குக் கொடுக்கணும், யாருக்குக் கூடாது என்பதையும் சோதனைதான் சொன்னது.

ஏன் குலுக்கல்? ஆள் பார்த்துக் கொடுத்தால், உடல் தெம்பு உள்ளவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடலாம். அப்போது மருந்துக்குத் தவறான பெயர் கிடைக்கும்.

நீங்க என்ன செய்யலாம்?

• சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டின் இணையதளத்தில், இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளை மொபைலிலேயே இலவசமாகத் தேடலாம். பதிவு இருந்தாலே மருந்து நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.
• மருந்தால் பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.
• ஃபார்வர்டு பண்ணும் முன், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்க.