மனிதனுக்கு டிராயிங் உண்டா?

இருத்தலியல், அந்நியமாதல் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நம்மில் பலர் மெல்ல நழுவிவிடுவோம். அதெல்லாம் ஆர்ட்ஸ் காலேஜ்காரர்கள் சமாச்சாரம், நமக்கெதுக்கு என்று தோன்றும். ஆனால் லேத்திலும் டிராயிங் போர்டிலும் பழகிய நமக்குத்தான் இது சட்டென்று பிடிபடும் என்பது என் எண்ணம்.

ஒரு போல்ட் செய்ய முதலில் டிராயிங் வேண்டும். என்ன அளவு, எதற்குப் பயன்படும் என்பது முடிவான பிறகுதான் போல்ட் உருவாகிறது. மனிதன் அப்படியில்லை. முதலில் பிறந்துவிடுகிறான், தான் யார் என்பதைத் தன் செயல்களால் அவனேதான் வரைந்துகொள்ள வேண்டும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சார்த்தர் 1945-இல் பாரிஸில் ஆற்றிய உரையில், காகிதம் வெட்டும் கத்தியை உதாரணம் காட்டி விளக்கியது இதைத்தான். வரையும் பென்சிலைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு, தன் வாழ்க்கைக்குத் தானே அயலானாகிப் போவதுதான் அந்நியமாதல்.

இதற்கு நல்ல பாடம், சார்த்தரின் உரைக்கு 30 ஆண்டுகள் முன்பே, 1915-இல் வெளிவந்த பிரான்ஸ் காஃப்காவின் ‘உருமாற்றம்’. துணி வியாபாரத்துக்காக ஊர் ஊராய் அலையும் கிரிகோர் சாம்சா, ஒரு காலையில் பெரிய பூச்சியாக மாறிக் கிடக்கிறான். நமக்கு என்ன ஆச்சு என்று ஒரு கணம் யோசிக்கிறான். அப்புறம் அவனைப் பிடித்து ஆட்டுவதெல்லாம் ரயிலைத் தவறவிட்டோமே, முதலாளி என்ன சொல்வாரோ என்ற கவலைதான்! சற்று நேரத்தில் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தாவே வீடு தேடி வந்துவிடுகிறார்.

பெற்றோரின் கடனை அடைக்க உழைத்தவன் அவன். சம்பளம் நின்றபின் என்ன நடக்கிறது? அப்பா ஆப்பிளை வீசுகிறார்; அது முதுகில் பதிந்து அழுகுகிறது. ஆரம்பத்தில் சாப்பாடு வைத்துக் கவனித்த தங்கையே, கடைசியில் இதைத் தொலைத்தாக வேண்டும் என்கிறாள். அவன் செத்த அன்று மூவரும் வேலைக்கு லீவு எழுதிவிட்டு டிராமில் ஏறி உலாவப் போகிறார்கள். அவன் பூச்சியானது அன்று காலையில்தானா, அல்லது எப்போதோ ஆகிவிட்டானா?

இதை எழுதியவர் தொழிற்சாலை தெரியாதவர் அல்ல. 1908 முதல் 1922 வரை பிராக் நகரில், தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். மரம் இழைக்கும் மெஷினில் சதுர ஷாஃப்ட் இருந்தால் இடைவெளியில் கை சிக்கி விரல் போகும். உருளை வடிவ ஷாஃப்ட் போட்டால் ஆபத்து குறையும் என்று படம் போட்டு விளக்கி 1910-இல் அறிக்கை எழுதியவர். மெஷின் மனிதனின் விரலை எடுப்பதை அறிக்கையில் சொன்னார். வேலை மனிதனையே எடுத்துக்கொள்வதைக் கதையில் சொன்னார்.

இன்னொரு சாவையும் பார்ப்போம். ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ 1942-இல் வந்தது, வெ. ஸ்ரீராம் தமிழாக்கியிருக்கிறார். நாயகன் மெர்சோ ஒருவனைச் சுட்டுக் கொல்கிறான். கோர்ட்டில் கொலையைவிடப் பெரிதாகப் பேசப்படுவது, தாயின் சவ அடக்கத்தில் அவன் அழவில்லை என்பது! ஊர் போட்ட டிராயிங்குக்கு அவன் பொருந்தவில்லை. காம்யு தன்னை இருத்தலியல்வாதி என்று ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் மரண தண்டனைக்குக் காத்திருக்கும்போதுதான் மெர்சோ தன் வாழ்க்கையைத் தன்னுடையதாக உணர்கிறான். சாம்சாவோ, தான் ஒழிந்துபோக வேண்டும் என்று வீட்டாரைவிட உறுதியாக நினைத்துக்கொண்டே சாகிறான். ஒருவனைச் சாவு எழுப்பிவிட்டது. மற்றவனை அதுவும் எழுப்பவில்லை.

நண்பர்களே, நாளைக்கு நாமும் ஷிப்டுக்குப் போவோம். டிப்ளமோ முடித்து வேலை கிடைக்காத அண்ணன்மாரை வீட்டில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். வேலை வேண்டும், சம்பளமும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அவை இல்லாத அன்றும் நான் யார் என்ற கேள்விக்கு ஒரு விடை கையில் இருக்க வேண்டும். அந்த டிராயிங்கை வேறு யாரும் நமக்குப் போட்டுத் தர முடியாது.